இறக்கத்துக்குப் பயந்தவர்

மேடு தொடங்குகிற இடத்தில் லாரியை நிறுத்திவிட்டு அவர் கீழே இறங்குவார். கையைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மேலே ஏறிப்போகிற பாதையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு, "எனக்குப் பயமா இருக்குது" என்பார். யாரையும் பார்த்துச் சொல்வதில்லை. மழை வரும்போல இருக்குது என்று சொல்கிற குரல்தான். சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைப்பார். வெறுங்காலோடு அந்த மேட்டை ஒருமுறை நடந்து ஏறி, நடந்து இறங்கி வருவார். கையில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கும். சந்தேகமான இடத்தில் கொஞ்சம் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்ப்பார். அதற்கப்புறம்தான் வண்டி நகரும்.

செஞ்சியில் அந்த நாளில் லாரி ஓட்டியவர்கள் மீசையை முறுக்கிக்கொண்டு ஓட்டியவர்கள். தூங்காமல் எவ்வளவு தூரம் ஓட்டினோம், எந்த வளைவில் பிரேக்கைத் தொடாமல் திரும்பினோம் என்பதுதான் அவர்கள் பேச்சு. பயத்தை வாய்விட்டுச் சொன்னவர் இவர் ஒருவர்தான். அதற்காக ஊர் அவருக்கு ஒரு பெயர் வைத்தது. அந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. சொந்தப் பெயரையும் எழுதவில்லை. அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் அவரோடு மூன்று வருஷம் வேலை செய்தேன். அறுபதுகளில். எங்கள் முதலாளிக்குக் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி, நிலக்கடலை வியாபாரம். அதோடு, பாறையில் துளை போடுகிற கம்ப்ரஸர் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கிணறு வெட்டுகிறவர்கள், கல்லுடைக்கிற குத்தகைக்காரர்கள் எல்லோரும் அதற்காகக் காத்திருப்பார்கள். கம்ப்ரஸர் என்றால் இரண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு யானைக்குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தானாக நகராது. தானாக நிற்கவும் நிற்காது, அதற்கென்று பிரேக் கிடையாது. லாரியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். சம தரையில் சாதுவாக வரும். மேட்டில் பின்னால் இழுக்கும். இறக்கத்தில் முன்னால் தள்ளும்.

என் வேலை முட்டுக்கட்டை போடுவது. தேருக்குப் போடுவார்களே, அதேதான். லாரி மேட்டில் திணறி நின்றால், பின்னோக்கி உருண்டுவிடாமல் கம்ப்ரஸர் சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைச் செருக வேண்டும். அதற்காகச் சக்கரத்துக்குப் பின்னாலேயே கட்டையும் கையுமாக நடந்து வர வேண்டும். ஒருவனை முட்டுக்கட்டை என்று சொன்னால் ஊரில் அது வசவு. எனக்கு அது பிழைப்பு.

அதற்கு முன்னால் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். முதலாளிதான் என்னை அவரிடம் அனுப்பினார். திருவண்ணாமலை சாலையில் இருந்த கொட்டகைக்குப் போனேன். லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களிடம்தான் என்னைப் பற்றிச் சொன்னேன்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்று அடியிலிருந்து கேட்டார்.

"ஆயிடுச்சுங்க. ரெண்டு கொழந்தைங்க."

"சக்கரத்துக்குப் பின்னால நடக்கணும். பயமா இருக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப நீ வேணாம். மூட்டையே தூக்கு."

சாதாரணமாகவே எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். முன்தலை வழுக்கை. மூலையில் கிடந்த கட்டையைக் காட்டி எடுக்கச் சொன்னார். கருவேலங்கட்டை. ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சீவி, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வைத்திருந்தது. தூக்கினேன். என் கை நடுங்கியதைப் பார்த்தார்.

"வாயி பொய் சொல்லுது. கை உண்மைய சொல்லுது. நாளைக்கு வா" என்றார்.

பயம் என்பது அவருக்கு ஒரு கருவி மாதிரி. ஸ்பேனர், ஜாக்கி, பயம். மேடு ஏறுகிற நாளில் அரை வயிற்றுக்குத்தான் சாப்பிடுவார். "வயிறு ரொம்பினா பயம் தூங்கிடும்" என்பார். வண்டி கிளம்பும்போது யாராவது "தைரியமா போ" என்று சொன்னால் பிடிக்காது. "அத நீயே வெச்சிக்க" என்பார். எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதிலும் அவருக்கு ஒரு அளவு இருந்தது. வல்லம் சாலை மேட்டுக்குக் கொஞ்சம். ஏரிக்கரைமேல் ஏறுவதற்கு அதைவிட அதிகம். கல்லுடைக்கிற குன்றுக்கு முழுசாக. அந்த அளவு தப்பி நான் பார்த்ததில்லை.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. மற்ற டிரைவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். இவர் கிளாஸை வாங்கியதும் ஒருவன் ஆரம்பிப்பான்.

"இன்னா டிரைவர்ரே, டீ இந்தச் சூடு இருக்குது. பயமா இல்லியா?"

"இருக்குது. ஆறட்டும்" என்பார் இவர்.

அவர்கள் சிரிப்பார்கள். இவர் ஊதி ஊதிக் குடிப்பார். நாக்கைச் சுட்டுக்கொண்டவன் எப்போதும் சிரித்தவர்களில் ஒருவனாகத்தான் இருப்பான்.

அவர் மனைவி ஒருமுறை கொட்டகைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது என்னிடம் சொன்னார்: "தாலி கட்டறப்பவும் பயமா இருக்குதுன்னுதான் சொன்னாரு. எங்க நைனாவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. ஐயருதான், எல்லாருக்கும் அப்டித்தாம்பா இருக்கும், கட்டுன்னு கைய புடிச்சிக் கட்ட வெச்சாரு." டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டு, "மூணு முடிச்சும் அவுரலியே, பாத்துக்க" என்றார்.

எங்கள் லாரி பழைய பெட்ரோல் வண்டி. யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துவிட்டதை யாரோ வாங்கி, கைமாறிக் கைமாறி எங்கள் முதலாளியிடம் வந்தது. மேட்டில் அதற்கு மூச்சு போதாது. முக்கால் மேட்டில் ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி கிளம்பும். "போடு" என்று அவர் குரல் வரும். நான் கட்டையைச் செருகுவேன். சக்கரம் ஒரு விரற்கடை பின்னால் வந்து கட்டையில் ஏறி உட்காரும். அப்போது கட்டை கிறீச் என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் என் பல்லுக்குள் கேட்கும். தண்ணீர் ஊற்றி, ஆறவைத்து, மறுபடி கிளம்புவோம். அந்தக் குன்றில் ஏறி முடிப்பதற்குள் நாலு தடவை, ஐந்து தடவை "போடு."

ஒருநாள் கட்டை கல்லில் வழுக்கியது. சக்கரம் என் முழங்கையைத் தொட்டது. இன்னொரு முறை உதைத்துச் செருகினேன், நின்றது. அவர் இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். பாதை ஓரம் போய்க் குந்தி வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார். அன்று இரவு நான் தூங்கவில்லை. ஆனால் மறுநாள் போனேன். முன்னால் உட்கார்ந்திருப்பவன் என் அளவுக்குப் பயந்திருக்கிறான் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அதே வண்டி இறக்கத்தில் வேறு வண்டி. முதல் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். என்ஜின் உர்ரென்று முனகிக்கொண்டு அந்தப் பாரத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். நான் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, தூரத்தில் கோட்டை மதில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே சும்மா நடந்து வருவேன். மூன்று வருஷத்தில் இறக்கத்தில் ஒரு தடவைகூட அவர் "போடு" என்று சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் யோசித்ததும் இல்லை.

ஊரில் டீசல் லாரிகள் வர ஆரம்பித்திருந்தன. பெட்ரோல் செலவு முதலாளியின் கண்ணை உறுத்தியது. திண்டிவனத்திலிருந்து ஒரு புரோக்கர் வந்தான். வாய்க்கார ஆள். வெள்ளைச் சட்டைப் பையில் சீப்பு வைத்திருப்பான். ஒரு டீசல் லாரி கைவசம் இருக்கிறது, ஒருவர்தான் ஓட்டியிருக்கிறார், உங்கள் கம்ப்ரஸரை மாட்டிக் குன்றில் ஏற்றிக் காட்டுகிறேன், பிடித்தால் எடுங்கள் என்றான்.

வல்லம் தாண்டி இருந்தது அந்தக் குன்று. இப்போது இல்லை, உடைத்துத் தீர்த்துவிட்டார்கள். மேலே கல்லுடைக்கிற இடம். குத்தகைக்காரர் வெட்டிய செம்மண் சரளைப் பாதை ஒரு பக்கம் பாறையைக் கட்டிக்கொண்டு ஏறும், மறுபக்கம் சரிவு. நடுவில் ஒரு வளைவு. வளைவுக்கு நேர் கீழே கல்லுடைக்கிறவர்களின் குடிசைகள், பத்துப் பதினைந்து.

காலையிலேயே போய்விட்டோம். முதலாளி வந்தார். கடைத்தெருவிலிருந்து நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர் வழக்கம்போல நடந்து ஏறி, நடந்து இறங்கி, தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். "எனக்குப் பயமா இருக்குது" என்றார். புரோக்கர் முதலாளியைப் பார்த்துச் சிரித்தான். டீசல் வண்டியைப் புரோக்கரின் டிரைவர்தான் முதலில் ஓட்டினான். சின்ன வயசு, வாயில் பீடி.

நான் கட்டையோடு பின்னால் நடந்தேன். வண்டி ஏறியது. எருமை சேற்றில் நடப்பதுபோல, அவசரம் இல்லாமல், நிற்காமல் ஏறியது. ஆவி இல்லை, திணறல் இல்லை. உச்சிக்குப் போய் நிற்கும்வரை நான் ஒரு தடவைகூடக் குனியவில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. மூன்று வருஷமாக ஒவ்வொரு மேட்டிலும் செத்துப் பிழைத்தவனுக்குத்தான் அது தெரியும்.

முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. மேலே வந்து சேர்ந்ததும் அவரிடம் கேட்டார்: "இன்னா டிரைவர், பாத்தியா? இன்னா சொல்ற?"

"ஏறுறத பாத்தாச்சு மொதலாளி. எறங்குறத பாக்கலியே."

"ஏறுன வண்டி எறங்காதா?"

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். புரோக்கர் சொன்னான்: "அண்ணே, ஏத்தம்தான் கஷ்டம். எறக்கம் தானா வரும்."

"தானா வரும். அதுக்குத்தான் பயம்."

பிறகு அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அன்றுதான் கேட்டேன். "பெட்ரோல் வண்டில கால எடுத்தா என்ஜின் மூச்ச இழுத்துப் புடிச்சிக்கும் மொதலாளி. வண்டியயும் சேத்துப் புடிச்சிக்கும். டீசலு மூச்சு புடிக்காது. கால எடுத்தாலும் வாயத் தொறந்து வெச்சிக்கினு நடந்துக்கினே இருக்கும். அப்பறம் எல்லாத்தயும் பிரேக்குதான் தாங்கணும். பின்னால இந்த யானை வேற தள்ளும். இந்தக் குன்றுக்கு ஏற டீசலு நல்லது, எறங்க பெட்ரோலு நல்லது. ஏறாம போனா வேலைதான் கெடும். எறங்காம போனா ஆளு இருக்காது. ஒண்ணுதான் எடுக்க முடியும்னா எனக்கு எறங்குறதுதான் வேணும்."

"டீசல ஓட்டிப் பழக்கமில்லாத ஆளு இப்டித்தான் பேசுவாங்க" என்றான் புரோக்கர்.

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "பயந்தாங்கொள்ளிய வெச்சிக்கினு நான் இன்னாய்யா தொழில் பண்றது?" என்றவர், சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. கட்டை போடறவன் நீதான. உசுரு போறதுன்னா மொதல்ல உனுக்குத்தான் போகும். எது நல்ல வண்டி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி அதுவரை என்னிடம் ஒரு விஷயத்தில் கருத்துக் கேட்டதே இல்லை. என் காது சூடாகிவிட்டது. டிரைவர் சொன்னது எனக்குப் பாதி புரிந்திருந்தது. ஆனால் குனியாமல் ஏறி வந்த முதுகு வேறு சொன்னது.

"டீசலுதாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொன்னதையும் ஒரு மேட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சரி, கம்ப்ரஸரோட எறக்கிக் காட்டு" என்றார் முதலாளி புரோக்கரிடம். புரோக்கரின் டிரைவர் பீடியை எறிந்துவிட்டு, "ரெண்டாவது கியர்ல போட்டா அஞ்சு நிமிசத்துல கீழ" என்றான்.

அவர் அந்தப் பையனைப் பார்த்தார். கீழே குடிசைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அவன் ஓட்டினா நீ செத்த" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார். "நானே எறக்கறேன் மொதலாளி."

ஏறி உட்காருவதற்கு முன்னால் என்னிடம் வந்தார். "பிரேக்கு சூடேறிச்சுன்னா பெடலு அமுங்கி அமுங்கிப் போகும். வளைவுக்கு மேல ஒரு எடத்துல நிறுத்தப் பாப்பேன். அங்க சரிவு கொறவு, தண்ணி ஊத்திப் பாத்துட்டேன். போடுன்னு சொல்லுவேன். எறக்கத்துல முன்னாடி போடணும். தெரியுமில்ல?"

"தெரியும்ணா."

"நீ போட்டப்பறம்தான் நான் பிரேக்குல இருந்து கால எடுத்து, ஆறவிட்டு மறுபடி மிதிப்பேன். அது வரைக்கும் கட்டைதான் எனக்குப் பிரேக்கு."

தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. சக்கரம் எந்தப் பக்கம் உருளுமோ அந்தப் பக்கம் கட்டை. சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

வண்டி இறங்க ஆரம்பித்தது. முதல் கியர்தான். ஆனாலும் என்ஜின் பிடிக்கவில்லை. எனக்கே தெரிந்தது. பழைய வண்டியின் அந்த முனகல் இல்லை. கம்ப்ரஸர் கொக்கியை இடித்து இடித்துத் தள்ளியது. நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்தவன் வேகநடை போட ஆரம்பித்தேன். அப்புறம் ஓட ஆரம்பித்தேன். லாரியின் பின்சக்கரங்களிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. அடுத்துப் புகை வந்தது. கீழே குடிசைக்கு வெளியே ஒருத்தி தன் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிர்ந்து பார்த்தது எனக்கு இன்றைக்கும் தெரிகிறது.

வளைவுக்கு மேலே, அவர் சொன்ன இடத்தில், வண்டி மெதுவானது. ஊர்ந்தது. நிற்கிற மாதிரி ஆனது.

"போடு."

குனிந்தேன். போட்டேன். எப்போதும் போடுகிற இடத்தில் போட்டேன். சக்கரத்துக்குப் பின்னால்.

மூன்று வருஷமாக அந்தச் சொல்லுக்கு என் கை ஒரே ஒரு இடத்தைத்தான் அறிந்திருந்தது. கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிறீச் என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. சக்கரம் கட்டையை விட்டு முன்னால் நகர்ந்தது. கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி, ஒரு சாண், ஒரு முழம். அவர் என் கட்டையை நம்பிப் பிரேக்கிலிருந்து காலை எடுத்திருந்தார். மறுபடி மிதித்திருப்பார், புகைந்த பிரேக் பிடிக்கவில்லை.

எனக்குக் கத்த வாய் வரவில்லை.

அவர் வண்டியைச் சரிவின் பக்கம் விடவில்லை. நேராக விட்டிருந்தாலும் வளைவைத் தாண்டிக் குடிசைகள்தான். ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்து மலைப் பக்கம் பாறையில் கொண்டுபோய் மோதினார். லாரியின் மூக்கு நசுங்கியது. கம்ப்ரஸர் சுழன்று வந்து கவிழ்ந்து, பாதையை அடைத்துக்கொண்டு கிடந்தது. கொஞ்ச நேரம் அதன் சக்கரம் ஒன்று மட்டும் சும்மா சுற்றியது. வேறு யாருக்கும் அடி இல்லை. அவருடைய இடது கால் இடுப்புக்குக் கீழே முறிந்திருந்தது. வெளியே இழுத்தபோது அவர் கேட்டது, "கட்டை போட்டவன் உசுரோட இருக்கானா?" என்றுதான்.

நான் அதற்குள் ஒரு காரியம் செய்திருந்தேன். பாதையில் கிடந்த கட்டையை எடுத்துச் சரிவில் எறிந்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.

முதலாளி வந்து என்னைக் கேட்டார்: "கட்டை போட்டியாடா?"

"போட்டங்க."

"அப்பறம் ஏன் நிக்கல?"

அவரைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் படுத்தபடியே, "அவன் போட்டான் மொதலாளி. அவன உடு" என்றார். அப்படியானால் டிரைவர்தான் பயந்துபோய்ப் பாறையில் மோதிவிட்டான் என்று புரோக்கர் எல்லோரிடமும் சொன்னான். சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்க அதுதான் பேச்சு. பயந்தவன் கையில் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். டீக்கடையில் ஒருவன் அதை நடித்துக் காட்டினான். நான் அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

நாலைந்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் கட்டுப் போட்டு மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்ததும், "ராத்திரில தூங்க மாட்றாரு. ஏதோ கணக்கு போட்டுக்கினே இருக்காரு. நீயாவது சொல்லு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, உள்ள இருந்து எனக்குத் தெரியல. எந்தப் பக்கம் போட்ட?"

சொல்லத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போயிருந்தேன். பின்னாடி போட்டுட்டேண்ணா. இரண்டு சொல்தான்.

"முன்னாடிதாண்ணா" என்றேன்.

"நல்லா அணைச்சுப் போட்டியா?"

"போட்டேண்ணா."

"நீ சரியாத்தான் போட்டிருப்ப" என்றார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த எடத்துல, அந்த வேகத்துக்கு, முன்னாடி கட்டை போட்டா நிக்கணும். நின்னே ஆகணும். நிக்கலன்னா..." நிறுத்தினார். அவர் கண்ணோரம் ஈரமாக இருந்தது. "நிக்கலன்னா, நான் இன்னும் பயந்திருக்கணும் தம்பி. பத்தல."

நான் வாங்கிப்போன சாத்துக்குடிகளை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

முதலாளி வேறு ஒரு டீசல் லாரி வாங்கினார். வேறு டிரைவர் வந்தான். மீசைக்காரன். குன்றுக்குக் கம்ப்ரஸரைக் கொண்டுபோவதைப் பிறகு நிறுத்திவிட்டோம், கிணறுகளுக்கு மட்டும் போனோம். ஏற்றத்தில் எனக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு இறக்கத்திலும் நான் சக்கரத்துக்கு முன்னால் கட்டையோடு நடந்தேன். யாரும் என்னிடம் "போடு" என்று சொல்லவில்லை. சொன்னால் என் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. ஒரு வருஷத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு மறுபடி மூட்டை தூக்கப் போனேன்.

அவர் கால் கூடிவிட்டது. லேசாக இழுத்து நடந்தார், அவ்வளவுதான். ஓட்ட முடியாத கால் இல்லை. ஒரு பஸ் முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். சம தரை, திண்டிவனம் வரை போய் வரும் வண்டி. போகவில்லை. கொஞ்ச நாளில் சைக்கிளும் ஏறமாட்டார் என்று கேள்விப்பட்டேன். கிணற்றடிக்குப் போக மாட்டார், மனைவி அடுப்பு மூட்டினால் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார் என்றார்கள். எதற்கு எவ்வளவு என்கிற அந்த அளவு அவரிடம் இல்லாமல் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் முழுசாகப் பயந்தார். அதை வாய்விட்டுச் சொல்வதையும் விட்டுவிட்டார்.

கடைசியாக அவரைப் பார்த்தது கடைத்தெருவில். வெயில் நேரம். மருந்துக் கடைக்கு எதிர்ப்பக்கத்தில் சாலை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சீட்டு. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது, சட்டை முழுக்க வியர்வை. நான் பக்கத்தில் போனேன்.

"அந்தாண்ட போவணுமாண்ணா?"

தலையாட்டினார். நான் அவர் கையைப் பிடித்தேன். கை நடுங்கியது. என் கையா அவர் கையா என்று சொல்ல முடியவில்லை. சாலையின் அகலம் இருபது அடி இருக்கும். அதைக் கடப்பதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு பஸ் போனது. ஒரு மாட்டுவண்டி போனது.

"வருதா?" என்று கேட்டார்.

இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்தேன். கோட்டைப் பக்கமும் இல்லை, திண்டிவனம் பக்கமும் இல்லை.

"ஒண்ணும் வரலண்ணா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். காலை எடுத்து வைக்கவில்லை. சாலை காலியாக இருந்தது. நாங்கள் இருவரும் நின்றுகொண்டே இருந்தோம்.